மெலனோக்ரைசம் கொடியை நம்ம ஊரில் வீட்டுக்குள் ஏற்றுவது எப்படி?

சிட்டவுட்_தோட்டம் (மார்த்தாண்டம்)

எல்லாருக்கும் வணக்கம். ஃபிலோடெண்ட்ரான் மெலனோக்ரைசம் ஒன்று வாங்கியிருக்கிறேன். திசு வளர்ப்புச் செடி, கூரியரில் வந்தது. நாலு இலை இருக்கிறது, பெரிய இலை என் உள்ளங்கை அளவு. கரும்பச்சை வெல்வெட், நரம்பு மட்டும் வெளிர்பச்சை. படுக்கையறையில் கிழக்கு ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறேன். ராத்திரி ஏசி ஓடும். பழைய இலைகள் இரண்டின் ஓரம் பழுப்பாகிக் காய்கிறது. புது இலை உறையை விட்டு வெளியே வர முடியாமல் நுனியில் சிக்கி நிற்கிறது.

யூடியூபில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஈரப்பதம் 80 சதவீதம் வேண்டுமாம், ஹியுமிடிஃபையர் வாங்க வேண்டுமாம், கண்ணாடி அலமாரிக்குள் அடைக்க வேண்டுமாம், குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைக்க வேண்டுமாம், கொடி ஏற பாசி அடைத்த கம்பு கட்டாயமாம். அந்தக் கம்பின் விலையைப் பார்த்து மூடி வைத்துவிட்டேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கொடியை வைத்திருப்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள்? வீட்டில் தவழும் பிள்ளை ஒன்று, பூனை ஒன்று. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

இலைப்பித்து (நாகர்கோவில்)

முதலில் அது மெலனோதானா என்று பாருங்கள் அக்கா. மைக்கன்ஸ் என்ற வேறொரு ஃபிலோடெண்ட்ரானை இந்தப் பெயர் போட்டு விற்பது நிறைய நடக்கிறது. இரண்டும் சின்ன வயதில் வெல்வெட்தான். மைக்கன்ஸின் தண்டு மெல்லியது, இலையின் அடிப்பக்கம் செம்பழுப்பாக இருக்கும், நரம்பு இந்த அளவுக்கு எடுப்பாகத் தெரியாது. இலைக்காம்பில் ரோமம் இருந்தால் அது வெருகோசம் என்ற இன்னொரு வகை, அல்லது வெருகோசம் கலந்த கலப்பினம். ரோமம் இல்லாமல் நரம்பு வெளிர்பச்சையாகப் பளிச்சென்று இருந்து, புது இலை செம்பு நிறத்தில் விரிந்தால் பெரும்பாலும் அசல்தான்.

இது கொலம்பியாச் செடி. ஆண்டிஸ் மலையின் மேற்கு அடிவாரம், சோகோ, ஆண்டியோகியா பகுதி. 1873-ல் லிண்டனும் ஆந்த்ரேயும் பெயர் வைத்தார்கள். அவர்கள் பார்த்தது சின்னச் செடி. அதே கொடி மரமேறி முதிர்ந்தபோது இலை நீண்டு, தொங்கி, இரண்டடி அளவுக்கு வந்ததால் அதை வேறு செடி என்று நினைத்துப் பின்னால் வேறொருவர் ஆண்ட்ரியானம் என்று தனிப்பெயரே கொடுத்துவிட்டார். உங்களுடைய உள்ளங்கை இலையும் அந்த இரண்டடி இலையும் ஒரே கொடியில் வருவதுதான். நடுவில் வேண்டியது ஏறுவதற்கு ஒரு பிடிமானம்.

குளிர்காலக் கதையை மறந்துவிடுங்கள். அது பனி பெய்யும் நாட்டுக்காரர்களுக்கு. நாம் இருப்பது பூமத்தியரேகைக்கு எட்டு டிகிரி வடக்கே. மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, ராத்திரி ஸ்வெட்டர் தேடும் குளிரும் கிடையாது. செடி வருஷம் முழுக்க வளரும். அது சுணங்குவது பங்குனி, சித்திரை வெக்கையில்தான்.

ஹியுமிடிஃபையர் வேண்டாம். ஏசி அறையிலிருந்து செடியை வெளியே எடுங்கள், போதும். ஏசி காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக் குழாய் வழியாக வெளியே சொட்டவிடுகிறது, நீங்கள் பக்கத்தில் ஒரு இயந்திரம் வைத்து அந்த ஈரத்தைத் திரும்ப ஊதுவீர்கள். இரண்டு கரண்ட் பில். சிக்கி நிற்கும் இலையைக் கையால் பிரிக்காதீர்கள். உறை காய்ந்திருந்தால் இரண்டு மூன்று முறை ஈரப்பஞ்சால் உறையை மட்டும் தொட்டுவிடுங்கள். தானாக வராவிட்டாலும் போகட்டும், அடுத்த இலை பார்த்துக்கொள்ளும்.

விளைக்காரன் (கருங்கல்)

இத்தனை பாடு எதுக்கு மக்களே? எங்க விளையில் தென்னையில் மணி பிளாண்ட் ஏறிக் கிடக்கிறது. ஒவ்வொரு இலையும் முறம் அளவு. யாரும் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. வேண்டுமானால் வந்து வெட்டிக்கொண்டு போங்கள், காசு வேண்டாம்.

மலையோரம் (குலசேகரம்)

விளைக்காரர் கிண்டலாகச் சொன்னாலும் அதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டில் பாட்டிலில் வைத்த மணி பிளாண்ட் வருஷக்கணக்கில் வெற்றிலை அளவிலேயே நிற்கும். அதே கொடி தென்னையைப் பிடித்து மேலே போனால் இலை முறமாகிறது, ஓரம்கூடக் கிழிந்து வருகிறது. கீழே தொங்கவிட்டால் திரும்பவும் இலை சிறுக்கிறது. மெலனோவுக்கும் இதே நியாயம்தான்.

நான் அலங்காரச் செடி ஆள் இல்லை. நல்லமிளகு போட்டுப் பழக்கம். மகள் கொண்டுவந்து வைத்த மெலனோவை நான்தான் பார்க்கிறேன். பார்த்தால் எல்லாம் மிளகுக்கொடி வேலைதான். மிளகு வேறு குடும்பம், இது சேம்பு குடும்பம், ஆனால் இரண்டும் கணுவில் வேர் விட்டு மரத்தைப் பிடித்து ஏறுகிற ஜாதி. மிளகை முருக்கிலோ அயனியிலோ பிலாவிலோ ஏன் ஏற்றுகிறோம்? சொரசொரப்பான பட்டை, அதில் மழைக்குப் பிறகும் கொஞ்ச நேரம் நிற்கிற ஈரம். வழவழப்பான மரத்தில் வேர் பிடிக்காது. பிடிக்காத கொடி சாய்ந்து தொங்கும், தொங்கின கொடியில் காய் வராது. உங்கள் செடிக்குக் காய் வேண்டாம், இலை வேண்டும். இலையும் அப்படித்தான், பிடித்தால்தான் பெருக்கும்.

இன்னொன்று. ஆனி, ஆடி மழையில் மிளகுக்கு வாட்டம் வருமே, ஃபைட்டோப்தோரா என்கிற பூஞ்சை மாதிரிக் கிருமி. கொடியின் அடியில் தண்ணீர் கட்டி நின்றால் கழுத்து கறுத்து, பச்சையாக நின்ற கொடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொங்கிவிடும். வீட்டுத் தொட்டியிலும் வேர் இப்படித்தான் அழுகிச் சாகிறது, நோயின் பெயர் மட்டும் மாறலாம். நம்ம ஊர் ஈரத்தில் செடி வறண்டு செத்துப் பார்த்தது குறைவு. மூச்சுமுட்டிச் செத்துப் பார்த்ததுதான் அதிகம். அதனால் ஈரத்தைக் கூட்டுகிற யோசனையை விட்டுவிட்டு, வேருக்கும் இலைக்கும் காற்று போக வழி பாருங்கள் தங்கச்சி.

கடலோரத்தான் (குளச்சல்)

ஓரம் பழுப்பாவதற்கு ஏசி மட்டும் காரணமாக இருக்காது. என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? எங்க பக்கம் போர்வெல் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்த உப்பை அளக்கிற கருவி) முக்கினால் ஆயிரத்தைத் தாண்டும். அதைத் தொடர்ந்து ஊற்றினால் உப்பு தொட்டியில் சேர்ந்து சேர்ந்து இலையின் ஓரத்தில்தான் முதலில் காட்டும். மீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்தான், வாங்கிப் பாருங்கள். நமக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு துலாவர்ஷமும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு, வருஷத்தில் இரண்டு முறை மொட்டைமாடித் தண்ணீரைப் பிடிக்கலாம். மூடி போட்ட டிரம்மில் வையுங்கள், இல்லாவிட்டால் கொசு. நான் மழைத் தண்ணீர் தீர்ந்த பிறகு ஏசியில் சொட்டுகிற தண்ணீரை எடுத்துக்கொள்கிறேன். அதில் உப்பே கிடையாது, உரம் மட்டும் கொஞ்சம் கலக்க வேண்டும்.

கடற்கரையை ஒட்டிய வீடு என்றால் மேற்கு ஜன்னலில் வைக்கவே வேண்டாம். ஆடிக் காற்றில் உப்புத் தூவானம் வந்து இலையில் உட்காரும். வெல்வெட் இலையைத் துடைக்கவும் முடியாது.

சிட்டவுட்_தோட்டம் (மார்த்தாண்டம்)

நன்றி அண்ணாச்சி, நன்றி எல்லாருக்கும். புது இலை ஒன்று இதற்கு முன்பு செம்பு நிறத்தில்தான் விரிந்தது, காம்பில் ரோமம் இல்லை. அசல் என்று நம்புகிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரை அளந்து பார்த்தேன், 140 காட்டுகிறது. அது பரவாயில்லைதானே? செடி வந்த கலவை வெறும் தேங்காய் நார்த்தூள். விரலை விட்டால் அடியில் சொதசொதவென்று இருக்கிறது. இப்போதே மாற்றலாமா?

இலைப்பித்து (நாகர்கோவில்)

140 அருமையான தண்ணீர். அப்படியென்றால் குற்றவாளி அந்த நார்த்தூள்தான். சரியாகக் கழுவாத நார்த்தூளில் சோடியமும் பொட்டாசியமும் கிடக்கும். நம்ம பக்கம் கதம்பையை (தேங்காய் மட்டையை) உப்புக் காயலில் ஊறப்போட்டுத் தும்பு (நார்) அடித்த மிச்சம் என்றால் கேட்கவே வேண்டாம். நல்ல கம்பெனிக்காரர்கள் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அந்த உப்பை வெளியே தள்ளிவிட்டுத்தான் விற்பார்கள். மேலே காய்ந்தும் அடியில் சேறாகவும் இருப்பது தனி வியாதி.

மாற்றுங்கள். ஆனால் திசு வளர்ப்புச் செடியின் வேர் நூல் மாதிரி இருக்கும், முழுக்கக் கழுவி உதறாதீர்கள். உதிர்கிறது உதிரட்டும்.

மலையோரம் (குலசேகரம்)

என் கலவை சொல்கிறேன். கதம்பையை விரல் கணு அளவுக்கு நறுக்கி, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்தது பாதி. சிரட்டைக்கரி, பழைய ஓட்டுச்சில்லு சேர்ந்து கால் பங்கு. மிச்சத்துக்கு மண்புழு உரமும் பெர்லைட்டும். பெர்லைட் கிடைக்காவிட்டால் ஓட்டுச்சில்லைக் கூட்டிக்கொள்ளுங்கள். செம்மண் ஒரு பிடிகூடப் போடாதீர்கள், தொட்டிக்குள் கெட்டித்துவிடும். தண்ணீர் ஊற்றினால் மேலே தேங்காமல் சரசரவென்று அடியில் வந்துவிட வேண்டும், அதுதான் அளவு. வேரழுகலைத் தடுக்கிற டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையைக் கொஞ்சம் கலந்துவைப்பேன். மிளகுக்கு வாங்குவதில் ஒரு கரண்டி.

சின்னத் தொட்டியே போதும். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத இடமெல்லாம் ஈரமாகவே கிடக்கும்.

விளைக்காரன் (கருங்கல்)

வாட்டம் என்கிறீர்களே, துரிசும் (மயில்துத்தம்) சுண்ணாம்பும் கலந்து அடித்தால் தீர்ந்தது.

மலையோரம் (குலசேகரம்)

அண்ணே, ரப்பருக்கும் மிளகுக்கும் சரி. இதில் அடித்தால் வெல்வெட் இலை வெள்ளையடித்த சுவராகிவிடும்.

இலைப்பித்து (நாகர்கோவில்)

துரிசு மட்டுமில்லை, எண்ணெய் எதுவும் இந்த இலைக்கு ஆகாது. வெல்வெட்டாகத் தெரிவது ரோமத்தால் இல்லை. இலையின் மேல்தோலில் ஒவ்வொரு செல்லும் சின்னக் குமிழாகக் குவிந்து நிற்கிறது, வெளிச்சம் அதில் சிதறுவதால்தான் அந்த மினுக்கம். வேப்பெண்ணெய் தெளித்தால் குமிழ்களுக்கு நடுவே எண்ணெய் நிரம்பி இலை ஈரச்சாக்கு மாதிரி ஆகிவிடும். இலை பளபளப்பாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். தூசிக்கு மென்மையான பெயிண்ட் பிரஷ், உலர்ந்ததாக.

இனி கம்பு விஷயம். மலையோரம் அண்ணாச்சி சொரசொரப்பு போதும் என்பார். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கடைகளில் விற்கிற தும்புக் கயிறு சுற்றிய கம்பில் மெலனோ வேர் விடுவதில்லை. விட்டாலும் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்கும், தண்ணீர் எடுக்காது. தும்பு அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஸ்பாக்னம் பாசி அடைத்த கம்பில் அதே கணு கொத்தாக வேரை உள்ளே இறக்கும், அடுத்தடுத்த இலை கண்ணெதிரே பெருக்கும். விலை அதிகம்தான். பின்பக்கம் பிளாஸ்டிக் தகடு, முன்பக்கம் வலை, நடுவில் பாசி என்று நீங்களே செய்தால் பாதிப் பணம் மிச்சம்.

மலையோரம் (குலசேகரம்)

தும்புக் கயிறு பற்றி நீ சொல்வது சரி தம்பி. ஆனால் நான் கயிறைச் சொல்லவில்லை. தடி அறுக்கிற மில்லில் பட்டையோடு ஒதுக்கிப் போடுகிற அயனிப் பலகை கிடைக்கிறது. மருந்து அடிக்காததாகப் பார்த்து வாங்கி, தொட்டியில் அடிவரை இறக்கி நிறுத்தினால், பட்டை தொட்டியின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் பலகையில் ஒரு தடவை தண்ணீர் ஓடவிட்டால் போதும். வேர் பட்டை வெடிப்புக்குள் போய்ப் பிடித்துவிட்டது. கத்தி வைத்தால்தான் வரும். பாசி நம்ம மழைக்காலத்தில் காயவே காயாமல் பச்சைப்பாசி படிந்து நாற்றம் எடுக்கும், அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

இலைப்பித்து (நாகர்கோவில்)

குலசேகரம் காற்று வேறு, நாகர்கோவில் காற்று வேறு. உங்களுக்குப் பலகை, எனக்குப் பாசி. மார்த்தாண்டம் உங்கள் பக்கம் சேரும் என்று ஒத்துக்கொள்கிறேன்.

கம்பையோ பலகையையோ எங்கே நிறுத்துவது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஜன்னலுக்கும் செடிக்கும் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். செடிக்குப் பின்னால், இருட்டுப் பக்கம் நிற்க வேண்டும். 1975-ல் ஸ்ட்ராங், ரே என்ற இரண்டு ஆய்வாளர்கள் கோஸ்டாரிகாவில் ஒரு மான்ஸ்டெரா வகையின் நாற்றுகளைக் கவனித்தார்கள். அவை வெளிச்சத்தை நோக்கிப் போகாமல் பக்கத்திலேயே இருட்டாகத் தெரிகிற அடிமரத்தை நோக்கி ஊர்ந்து போயின. மரத்தைத் தொட்ட பிறகுதான் வெளிச்சம் தேடி ஏறத் தொடங்கின. மெலனோவில் யாரும் இப்படி அளந்து நான் பார்த்ததில்லை, ஆனால் பின்பக்கம் பலகையும் முன்பக்கம் ஜன்னலும் இருந்தால் தண்டு பலகையோடு ஒட்டிக்கொள்கிறது, இலை நம் பக்கம் திரும்புகிறது. பார்க்கவும் அழகு.

தோவாளைக்காரி (தோவாளை)

எங்கள் பக்கத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். ஈரப்பதம் பற்றிக் கவலையே வேண்டாம் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். விளவங்கோடு, கல்குளத்துக்கு அது சரி. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வந்து பாருங்கள். முப்பந்தலில் காற்றாலை சும்மாவா நட்டிருக்கிறார்கள்? ஆனி முதல் ஆவணி வரை ஜன்னலைத் திறந்தால் இலை கிழிந்துவிடும், கிழியாதது காய்ந்து சுருளும். என் வீட்டில் அந்த மாதங்களில் செடி நடு ஹாலுக்கு வந்துவிடும், வெளிச்சத்துக்கு மேலே ஒரு எல்இடி விளக்கு, பன்னிரண்டு மணி நேரம். பக்கத்தில் மற்ற செடிகளை நெருக்கமாக வைப்பேன். தட்டில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைப்பது பயனில்லை, கொசுதான் வளரும். அதனால் ஈரப்பதமானி ஒன்று வாங்கி, உங்கள் வீட்டில் 60-க்குக் கீழே போகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கொடியைக் கட்டுவதற்குக் கம்பி, பிளாஸ்டிக் டேக் எதுவும் வேண்டாம். வாழைநார். நாங்கள் பூக்கட்ட நனைத்து வைப்பதுபோல நனைத்து, கணுவுக்குச் சற்று மேலே தளர்வாகக் கட்டுங்கள். இலைக்காம்பைச் சேர்த்துக் கட்டக் கூடாது, இலை வெளிச்சத்துக்குத் திரும்ப வேண்டும். வேர் பிடிக்கிற சமயத்தில் நார் தானாக இற்றுவிடும், அறுக்கிற வேலையும் இல்லை.

சிட்டவுட்_தோட்டம் (மார்த்தாண்டம்)

செடியை ஏசி அறையிலிருந்து சிட்டவுட்டுக்கு மாற்றிவிட்டேன். கிரில்லும் மேலே ஷேடும் உண்டு, காலை வெயில் ஒன்பதரை வரை சாய்வாக விழும். அது அதிகமா? பிள்ளை, பூனை பற்றி யாரும் சொல்லவில்லையே.

கடலோரத்தான் (குளச்சல்)

ஒன்பதரை வெயில் நம்ம ஊரில் சுள்ளென்று இருக்கும் அக்கா. அம்பது சதவீத நிழல்வலை ஒரு துண்டு கிரில்லில் கட்டுங்கள். இலைக்கு மேலே ஒரு அடி உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழல் கூர்மையாக விழுந்தால் வெயில் அதிகம், மங்கலாக விழுந்தால் சரி, விழவே இல்லை என்றால் இருட்டு. ரொம்ப இருட்டில் வைத்தால் கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, இலை சிறுத்துப் போகும். இரண்டு கணுக்களுக்கு நடுவில் ஒரு சாண் வந்துவிட்டால் இடத்தை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

தோவாளைக்காரி (தோவாளை)

சேனை, சேம்பு நறுக்கும்போது கை அரிக்குமே, காறுமே, அதே சமாச்சாரம் இதிலும் உண்டு. கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். பிள்ளை கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும், பூனைக்கும் எச்சில் வடியும், வாந்தி வரும். பெரும்பாலும் அதோடு தீரும் என்றாலும் வாய் வீங்கினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். தவழுகிற பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஸ்டூல் வைத்து, தொட்டியைச் சுவரோடு கயிறு போட்டுக் கட்டுங்கள். பலகையும் நின்றால் தலை கனத்துச் சாயும். செடியை வெட்டினால் சாறு படாமல் கையுறை போடுங்கள்.

பூச்சியும் பாருங்கள். சிட்டவுட்டில் எறும்பு வரிசை போனால் கணு இடுக்கில் மாவுப்பூச்சி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பூச்சியை மட்டும் ஒற்றி எடுங்கள். மாசி, பங்குனியில் இலையின் அடியில் நுண்ணிய வலையும் புள்ளியும் தெரிந்தால் சிலந்திப்பேன். அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவலாம், காலையில் கழுவி ஃபேன் காற்றில் காயவிடுங்கள். ராத்திரி முழுக்க இலை நனைந்து கிடந்தால் அடுத்தது பாக்டீரியாப் புள்ளி.

சிட்டவுட்_தோட்டம் (மார்த்தாண்டம்)

கலவை மாற்றியாகிவிட்டது. சிக்கியிருந்த இலை ஒரு பக்கம் மடிந்து வெளியே வந்தது, அதற்கு அடுத்தது சுத்தமாக விரிந்திருக்கிறது. பலகை மலையோரம் அண்ணாச்சி சொன்னதுதான், அயனி. உரம் எப்போது? அப்புறம், கொடி நீண்ட பிறகு தோழிக்கு ஒரு துண்டு கொடுக்க வேண்டும், எங்கே வெட்டுவது?

இலைப்பித்து (நாகர்கோவில்)

புது வேர் தெரிந்த பிறகு உரம். 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள கரையும் உரம்) லிட்டருக்கு அரை கிராம், பத்து நாளுக்கு ஒரு முறை, ஈரமான கலவையில்தான் ஊற்ற வேண்டும். மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள்.

மலையோரம் (குலசேகரம்)

இப்போதைக்குக் கத்தி எடுக்க வேண்டாம். பலகையில் மூன்று நான்கு கணு நன்றாகப் பிடித்த பிறகு யோசிக்கலாம். மேல்துண்டை வெட்டினால் வேர் பிடித்த கணு ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். வெட்டிய இடத்தை நிழலில் சில மணி நேரம் உலரவிட்டுத்தான் நட வேண்டும். நிறைய செடி வேண்டுமென்றால் மிளகு நாற்றுக்குச் செய்கிற பாம்புப்பதியம் இருக்கிறது. கொடியை வெட்டாமல் படுக்கப்போட்டு, ஒவ்வொரு கணுவையும் ஒரு சின்னப் பையில் உள்ள கலவையில் அமுக்கி, ஈர்க்குச்சியை வளைத்துக் குத்திவிட வேண்டும். கணு வேர் விட்டுக் குருத்து தெரிந்த பிறகு நடுவில் வெட்டிப் பிரிக்கலாம். தாய்க்கொடி ஊட்டிக்கொண்டே இருப்பதால் அழுகுவது குறைவு. ஆனால் படுக்கப்போட்ட கொடியில் இலை சிறுத்துவிடும், அதனால் ஏறுகிற தலையை விட்டுவிட்டு அடியில் முளைக்கிற பக்கக்கொடியில் செய்யுங்கள். இடவப்பாதி தொடங்கும் முன் வைத்தால் மழை முடிவதற்குள் பிரித்துவிடலாம். எனக்கும் ஒரு பை ஒதுக்கிவையுங்கள், மகள் செடிக்கு ஜோடி வேண்டும் என்கிறாள்.